ப்ளூஸ்கை ரிவ்யூ: கும்பலா வந்து கும்முறவங்களுக்கு இங்க வழி குறைவு

ட்விட்டர் மாதிரி போஸ்ட் போடுற ப்ளூஸ்கை ஆப் 2024 பிப்ரவரில இன்வைட் இல்லாம எல்லாருக்கும் திறந்தாச்சு, அதோட லுக், ஸ்பீடு பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் பார்க்கிறது ஒரே விஷயம் தான், கும்பலா சேர்ந்து ஒருத்தரை வச்சு செய்யுறதை ஒரு ஆப் நினைச்சா தடுக்க முடியுமா?

இந்தப் பழக்கம் வந்த வழி தெரிஞ்சா தான் இந்த ஆப்போட அருமை புரியும். 2003ல ஆரம்பிச்ச ஃபோர்சான்ற (4chan) படம் போட்டுப் பேசுற தளத்துல பேரும் கிடையாது ஐடியும் கிடையாது, ரிப்ளை வராத த்ரெட் கீழ போய் அழிஞ்சிடும். அப்போ த்ரெட் உயிரோட இருக்கணும்னா யாரையாவது கடுப்பேத்தணும், அசிங்கமா எதையாவது போடணும், கடைசில அதுவே அங்க வழக்கமாயிடுச்சு. 2014ல கேமர்கேட்னு வீடியோ கேம் உலகத்துல பெரிய பிரச்சினை வெடிச்சப்போ அங்க பேசி வச்சுட்டு ட்விட்டருக்கு வந்து கேம் உருவாக்குற பெண்களைத் துரத்தினாங்க, அட்ரஸை வெளிய போட்டு சிலரை வீட்டை விட்டே போக வச்சாங்க, கொடுமை. இப்போ அங்கிருந்து ஆள் வரவே தேவையில்லை, பெரிய ஆப்கள்லயே அதே கணக்கு தான் ஓடுது. எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) 2023ல கிரியேட்டர்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சப்போ ரிப்ளைகளுக்கு நடுவுல வர்ற விளம்பரத்தை வச்சு தான் கொடுத்தாங்க, சண்டை இழுத்தா வருமானம்னா யாரு சும்மா இருப்பா சொல்லுங்க.

இப்போ ஆப்புக்கு வரேன். வரையப் பழகுற ஒரு பொண்ணு தன்னோட படத்தைப் போடுறாங்கன்னு வைங்க, லட்சம் ஃபாலோயர்ஸ் உள்ள ஒருத்தர் "இதெல்லாம் ஒரு படமா"ன்னு கோட் பண்ணா, அதாவது அந்த போஸ்ட்டைத் தன் போஸ்ட்டுக்குள்ள எடுத்து வச்சு கமெண்ட் எழுதினா போதும், அவர் அதோட நிறுத்திக்கிட்டாலும் பின்னாடி வர்றவங்க உருவம், குடும்பம்னு இறங்கிடுவாங்க. ப்ளூஸ்கைல அந்தப் பொண்ணு தன் போஸ்ட்டை அந்தக் கோட்ல இருந்து கழட்டி எடுத்துடலாம், 2024 ஆகஸ்ட்ல வந்த வசதி இது, இதுக்காகவே ப்ளூஸ்கையைப் பாராட்டணும். பிளாக் பண்ணா அந்த ஆள் போட்ட ரிப்ளை நமக்கு மட்டுமில்ல, த்ரெட் படிக்கிற மத்தவங்களுக்கும் மறைஞ்சிடும், வேடிக்கை பார்க்க ஆள் இல்லாட்டி பாதி பேர் கிளம்பிடுவாங்க. எக்ஸ் 2024 நவம்பர்ல நேர் எதிரா போய், நாம பிளாக் பண்ண ஆளுங்களும் நம்ம பப்ளிக் போஸ்ட்டைப் பார்க்கலாம்னு மாத்திட்டாங்க.

குறையும் இருக்கு. யார் யாரை பிளாக் பண்ணிருக்காங்கன்றது இங்க ரகசியம் கிடையாது, வெளிய எடுத்துப் பார்க்கலாம், பயந்து ஒதுங்குறவங்களுக்கு இது நல்லதே இல்ல. யாரோ போட்ட பிளாக்லிஸ்ட்டை (மொத்தமா பிளாக் பண்ண உதவுற பட்டியல்) அப்படியே எடுத்துக்கிட்டா சம்பந்தமே இல்லாதவங்களும் அதுல மாட்டுவாங்க, அதனால யார் போட்ட லிஸ்ட்னு பார்த்துட்டு எடுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு கலாய்க்கிறதை இந்த ஆப்பாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

புதுசா வர்றவங்க முதல் போஸ்ட்டுக்கு முன்னாடியே யார் ரிப்ளை பண்ணலாம்ன்ற செட்டிங்கைப் பாருங்க, நீங்க ஃபாலோ பண்றவங்க மட்டும்னு வச்சுக்கலாம். மனசுக்கு நெருக்கமான விஷயம் எழுதுற அன்னைக்குக் கோட் பண்றதையும் சேர்த்து ஆஃப் பண்ணிடுங்க.