கச்சேரிக்கு லண்டன் வந்தவருக்கு 1.75 பவுண்டு பஸ்

கச்சேரிக்காக லண்டன் வரும் கலைஞருக்கு ஊர் சுற்ற முழு நாள் கிடைப்பது அபூர்வம். நான்கு மணிக்கு சவுண்டு செக் என்றால் கையில் இருப்பது காலைச் சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையிலான மூன்று, நான்கு மணி நேரம்தான். அழைத்தவர்கள் வழக்கமாகக் கைகாட்டுவது மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்ஸை. அதைவிட, லண்டன்வாசிகள் வேலைக்குப் போகும் சாதாரண சிவப்பு மாடி பஸ் எவ்வளவோ மேல்.

முதல் காரணம் தொண்டை. திறந்த மேல்தளத்தில் ஒரு மணி நேரம் குளிர்காற்று முகத்தில் அடித்தால், மாலையில் மேல் சட்ஜத்தைத் தொடும்போது அதற்கான விலை தெரியும். சாதாரண பஸ்ஸின் மாடி மூடியிருக்கும். முன்வரிசைக் கண்ணாடி வழியே அதே காட்சிதான். இரண்டாவது, சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் ஒரே திசையில் வட்டமடிப்பவை. இரண்டு நிறுத்தம் பின்னால் போக வேண்டுமென்றால் முழுச் சுற்றும் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். காதில் மாட்டிக் கேட்கும் வர்ணனை ஒன்றுதான் அதில் கூடுதல். அதற்காகப் பல மடங்கு விலை கொடுப்பது நம் கணக்கில் நியாயமில்லை.

சாதாரண பஸ்ஸின் கட்டணம் 2025 நிலவரப்படி 1.75 பவுண்டு. முதல் தடவை பஸ்ஸிலுள்ள கருவியில் கார்டைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான். நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25க்கு மேல் பிடிக்க மாட்டார்கள். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று: இரண்டாவது பஸ்ஸில் ஏறிக் கார்டைத் தொடுவது அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் போதும், இறங்குவது எப்போது என்பது கணக்கில் வராது.

2014 ஜூலை முதல் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் காண்டாக்ட்லெஸ் கார்டு போதும். இந்திய கார்டு என்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, காண்டாக்ட்லெஸ் இரண்டையும் திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் இவை மூடியே வருகின்றன. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். பாடகருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் சேர்த்து ஒரே கார்டைத் தொட முடியாது. காலையில் கார்டையும் பிற்பகலில் அதே கணக்கு உள்ள போனையும் தொட்டால் இரண்டு தனி ஆட்களாகவே எண்ணும். சலுகையும் உச்சவரம்பும் உடைந்துபோகும். முன்கதவில் ஏறும்போது ஒரு தடவை தொட்டால் போதும், இறங்கும்போது தொட வேண்டாம்.

எந்தத் தடம் என்று கேட்டால் முதலில் 9ஆம் எண் பஸ். ஹாமர்ஸ்மித்தில் தொடங்குவதால் ஏறும்போதே மாடி முன்வரிசை கிடைக்க நல்ல வாய்ப்பு. நம் கலைஞர்கள் பலர் மேடையேறும் பாரதிய வித்யா பவன் இருக்கும் மேற்கு கென்சிங்டனிலிருந்தும் பக்கம்தான். பவனுக்கு அருகிலுள்ள பேரன்ஸ் கோர்ட் நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம். பஸ் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் கென்சிங்டன் தோட்டமும் ஆல்பர்ட் நினைவுச் சின்னமும், அதற்கு நேர் எதிரே வலப்பக்கம் 1871இல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலும் வரும். முன்வரிசை கிடைக்காவிட்டால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பிக்காடிலியில் கிரீன் பூங்காவும் அந்தப் பக்கம்தான். பிறகு டிராஃபால்கர் சதுக்கம்.

அங்கே 15க்கு மாறினால் ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால்ஸ் தேவாலயம், லண்டன் கோபுரம் வரை போகலாம். பகல் நெரிசலில் 9ஆம் எண் பஸ் ஊர்ந்தால் ஒரு மணி நேரக் கெடு நழுவலாம், இன்னொரு 1.75 போகும், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தைப் பார்க்க 24ஆம் எண் பஸ் உண்டு. ஆனால் அந்தத் தூரத்துக்கு வைட்ஹால் சாலை வழியே நடப்பதே சுகம்.

ஆல்பர்ட் ஹாலில் இறங்கினால் எக்ஸிபிஷன் ரோடு வழியே சிறிது நடையில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். அனுமதி இலவசம், வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். இசைக்காரர்கள் தவறவிடக் கூடாதது திப்புவின் புலி: 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் எடுத்துவரப்பட்ட மர பொம்மை. புலியின் வயிற்றுக்குள் கட்டைகளோடு ஒரு சிறு ஆர்கனே இருக்கிறது.

வாத்தியத்தைச் சுமந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது. பிரிட்டிஷ் மியூசியம் 40×40×50 சென்டிமீட்டர், 8 கிலோவுக்கு மேற்பட்ட பையை உள்ளே விடுவதில்லை. மிருதங்கப் பெட்டி வாசலிலேயே நிற்கும். பஸ்ஸின் கீழ்த்தளத்தில் சாமான் வைக்கும் இடம் சின்னது. நடுவிலுள்ள திறந்த இடம் சக்கர நாற்காலிக்கானது, யாராவது வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அறையிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

இந்தச் சேவையின் பெரிய குறை நேரம். ஊர்வலம், சாலைப் பணி என்றால் தடம் மாறும். சில சமயம் பாதி வழியிலேயே 'இந்த பஸ் இத்துடன் முடிகிறது' என்று இறக்கிவிடுவார்கள். எனவே போவதற்கு பஸ், திரும்புவதற்குச் சுரங்க ரயில். லண்டன் கோபுரத்துக்குப் பக்கத்து டவர் ஹில் நிலையத்திலிருந்து டிஸ்ட்ரிக்ட் தடத்தில் மேற்கு கென்சிங்டனுக்கு நேரடி ரயில் உண்டு. பெட்டியின் முகப்பில் ஈலிங் பிராட்வே அல்லது ரிச்மண்ட் என்று இருக்க வேண்டும். விம்பிள்டன் ரயிலில் ஏறிவிட்டால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி மாறுங்கள், அதற்குப் பிறகு அது தெற்கே திரும்பிவிடும். ரயிலில் மட்டும் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கார்டைத் தொட வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தப் பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.