கப்பலேறும் முன் டர்பனில் ஒன்றரை நாள்: உஷாக்காவும் துறைமுக வாயிலும்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வந்து, அங்கே கப்பலேறி, மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவு வரை போய்த் திரும்புவது என்று எங்கள் வீட்டில் முடிவானதும், ஆளாளுக்குக் கப்பலுக்குள் என்னென்ன இருக்கும் என்பதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். கப்பலுக்கு முந்தைய பொழுதைப் பற்றிக் கேட்டவர் என் மாமியார் மட்டுமே. "ஆறு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு துறைமுக வாசலில் மூட்டை முடிச்சோடு உட்காரப் போகிறோமா?" என்றார். கேள்வி நியாயமாகப் பட்டது. பயணம் முடிந்து திரும்பிய பிறகும் மகள் ஓயாமல் பேசுவது கப்பலின் நீச்சல் குளத்தையோ சாப்பாட்டையோ அல்ல, அந்த ஒன்றரை நாளைத்தான் என்பதால், இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதே.

முதலில், ஏன் ஒன்றரை நாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் டர்பன் ஏறத்தாழ 570 கி.மீ.; நல்ல நாளில் ஆறு மணி நேரம். நல்ல நாள் என்பது வான் ரீனன்ஸ் கணவாயில் எந்த லாரியும் குறுக்கே கவிழாத நாள். விமானத்தில் வந்தாலும், 2010-இல் திறக்கப்பட்ட கிங் ஷாக்கா விமான நிலையம் நகருக்கு வடக்கே 35 கி.மீ. தள்ளி இருக்கிறது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கப்பலேறும் நாளன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதை, குழந்தை இல்லாதவர்களுக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தங்குமிடத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம். கடற்கரைச் சாலையில் அமைந்த ஒரு வாடகைக் குடியிருப்பு, பெயர் வேண்டாம். கடல் தெரியும் அறை என்று சொல்லியிருந்தார்கள். கடல் தெரியத்தான் செய்தது, குளியலறைச் சன்னலைத் திறந்து கழுத்தை வலப்பக்கம் திருப்பினால். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். மறுநாள் காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்ததுதான் வலித்தது. கப்பலேறும் நேரம் பிற்பகல். நடுவில் நான்கு மணி நேரம் ஐந்து பெட்டிகளோடு எங்கே போவது? டர்பனில் அறை பார்க்கும்போது கடல் தெரியுமா என்று கேட்காதீர்கள். காலி செய்த பிறகு பெட்டிகளை வைத்திருப்பீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையை முழுவதுமாக உஷாக்கா மரைன் வேர்ல்டுக்குக் கொடுத்தோம். பாயின்ட் எனப்படும் துறைமுக முனைப் பகுதியில், கடற்கரையை ஒட்டி 2004-இல் திறக்கப்பட்ட இடம் இது. கடைகள் இருக்கும் பகுதிக்குள் சும்மா நடந்து போகலாம். மீன்காட்சியகமான சீ வேர்ல்டுக்கும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்கும்தான் சீட்டு. கப்பலுக்கு முந்தைய நாளில் நீர்விளையாட்டைத் தயங்காமல் விட்டுவிடலாம். அதில் நாள் முழுவதும் கரைந்துவிடும். குழந்தை வெயிலில் வாடி, ஈரத் துணி மூட்டையோடு கப்பலேற வேண்டியிருக்கும். போதாக்குறைக்குக் கப்பலிலேயே நீச்சல் குளம் உண்டு. மீன்காட்சியகம் கப்பலில் கிடையாது.

சீ வேர்ல்டின் அமைப்பே குழந்தைகளுக்கென்று யோசித்தது. மூழ்கிப்போன ஒரு பழைய சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி நடப்பது போலக் கட்டியிருக்கிறார்கள்: துருப்பிடித்தது போன்ற இரும்புச் சுவர்கள், அரையிருட்டு, சுவர்களுக்கு நடுவே தொட்டிகளின் நீல வெளிச்சம். மறுநாள் கப்பலேறப் போகும் பிள்ளையை மூழ்கிய கப்பலுக்குள் கூட்டிப்போவது அபசகுனம் இல்லையா என்று மாமியார் முணுமுணுத்தார். மகளோ, "இந்தக் கப்பல் ஏற்கெனவே முழுகியாச்சு பாட்டி, இனிமே முழுகாது" என்று அவரைத் தேற்றினாள்.

சுறாத் தொட்டியின் முன் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். உள்ளூர்க்காரர்கள் 'ரேகி' என்று செல்லமாக அழைக்கும் ராகட்-டூத் சுறா, வாயை மூடினாலும் பற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் தோற்றத்தால் பார்ப்பவரைக் கலங்கவைக்கும். ஆனால் குணத்தில் சோம்பேறி. மற்ற மீன்களுக்கு இருப்பது போன்ற காற்றுப்பை சுறாக்களுக்கு இல்லாததால், நீந்தாமல் நின்றால் அவை மெல்ல மூழ்கத் தொடங்கும். இந்தச் சுறா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மேலே வந்து காற்றை ஒரு மிடறு விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, நடுத்தண்ணீரில் அசையாமல் தொங்குகிறது. அப்படித் தொங்கிய ஒன்று, கண்ணாடியிலிருந்து ஒரு முழ தூரத்தில், செவுள் பிளவுகள் மட்டும் திறந்து மூட, மகளைப் பார்த்தபடி இருந்தது. இவளும் கன்னத்தை உப்பிக் காற்றை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள். யார் முதலில் விடுவது என்று ஏதோ போட்டி. இந்தச் சுறாவின் குட்டிகள் தாய் வயிற்றுக்குள்ளேயே உடன்பிறப்புகளைத் தின்று வளர்பவை என்பதை நான் அப்போது சொல்லவில்லை. கேட்டால் ராத்திரி தூங்கமாட்டாள், அல்லது தம்பி வேண்டும் என்பதை நிறுத்திவிடுவாள்; இரண்டில் எது என்று தெரியவில்லை.

இந்த மீன்காட்சியகத்தை நடத்துவது 1951-இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கற்ற கடலுயிரியல் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று; அடிபட்டுக் கரையொதுங்கும் ஆமைகளுக்குச் சிகிச்சையளித்து மீண்டும் கடலில் விடுவதும் அவர்கள் வேலைகளில் அடக்கம். டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கடற்கரைகளில் பெருந்தலை ஆமைகளும் தோல்முதுகு ஆமைகளும் கோடையில் கரையேறி முட்டையிடுகின்றன. மொசாம்பிக்கை நோக்கிப் போகும் எங்கள் கப்பல் இரவில் கடக்கப் போவது அந்தக் கரையைத்தான். மறுநாள் இரவு மகள் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்து ஆமைகளுக்கு டாட்டா காட்டினாள் என்றால் அதற்குக் காரணம் இந்தக் காலைப்பொழுதுதான். டால்பின் காட்சியையும் பார்த்தோம். அரங்கம் பெரியது, குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பள்ளி விடுமுறை இல்லாத காலங்களில் எந்தெந்தப் பகுதி எந்தக் கிழமையில் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

கடற்கரைக்கு வருவோம். அம்கேனி ஆற்று முகத்துவாரத்திலிருந்து துறைமுக வாயில் வரை ஏறத்தாழ 8 கி.மீ. நீளத்துக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். குழந்தையின் சிறு சைக்கிளுக்கும் முதியவர்களின் காலுக்கும் இதைவிடச் சுகமான தரை வேறில்லை. குளிப்பதானால் காலையிலேயே குளித்துவிட வேண்டும். கோடையில் பிற்பகல் வாக்கில் வடகிழக்குக் காற்று எழுந்துவிடும். கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடித்த பிறகு ஈரமணலில் நீல நிறத்தில் குட்டிப் பலூன் போல ஏதாவது கிடந்தால், அது புளூபாட்டில் என்ற, ஜெல்லிமீன் போன்ற கடலுயிரி. செத்துக் கிடந்தாலும் அதன் வால் கொட்டும், குழந்தைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். சுறா பயம் வேண்டாம். 1952 முதல் இங்கே வலை போடுகிறார்கள், காவலர்கள் கொடி நட்ட இடத்தில் குளித்தால் போதும். ஆனால் 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்ததைத் தொடர்ந்து, தண்ணீரின் தரம் கெட்டுக் கடற்கரைகளை மூடிவைத்த காலங்கள் உண்டு. ஆகவே நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே குழந்தையை இறக்கவேண்டும். நாங்கள் கடலில் கால் நனைத்ததோடு சரி. மற்ற நேரமெல்லாம் நடைபாதையோரத்து ஆழமில்லாக் குழந்தைக் குளங்களில் கழிந்தது.

மணியும் இறகும் கொம்புமாய்த் தலையலங்காரம் சூடிய சூலு ரிக்‌ஷாக்காரர்கள் ஒரு சிலர் இன்னும் இருக்கிறார்கள். 1892-இல் சர்க்கரை ஆலை முதலாளி மார்ஷல் கேம்பல் இங்கே கொண்டுவந்த வண்டி இது. ஒரு காலத்தில் நகரெங்கும் ஓடியது. சவாரிக்கு ஒரு கூலி, படம் எடுத்துக்கொள்ள வேறொரு கூலி என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டர்பன் வந்து பன்னி சௌ சாப்பிடாமல் போகக்கூடாது என்று வாங்கினோம். முழு ரொட்டியைக் குறுக்கே வெட்டி, உள்ளே குடைந்து, அதில் குழம்பை ஊற்றித் தருவது. கால் ரொட்டியே ஒருவருக்குத் தாராளம். குழந்தைக்கும் மாமியாருக்கும் பீன்ஸ் குழம்பு வைத்தது வாங்கிக்கொண்டோம். குடைந்தெடுத்த ரொட்டிச் சதையை மேலே மூடியாக வைத்திருப்பார்கள். அதைத்தான் முதலில் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடவேண்டும், அவசரப்பட்டுச் சுவரைப் பிய்த்தால் குழம்பு மடியில் இறங்கும். எங்கள் மகளுக்கு இறங்கியது. காரம், டர்பன் காரம். தயிர் கையில் இருக்கட்டும்.

மாலையில் துறைமுக வாயிலுக்குப் போனது எங்கள் திட்டத்தில் இருந்ததல்ல. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய தாத்தா, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார். துறைமுகப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்தவர்களைப் பார்க்காமல் விடுவதில்லை என்று பேருந்து ஏறி வந்துவிட்டார். அவருடைய தமிழ், சிறுவயதில் வீட்டில் காதால் கேட்டுக் கற்ற தமிழ். நடுநடுவே ஆங்கிலம் வந்து விழும், ஆனால் 'ஆயா', 'கண்ணு' எல்லாம் அப்படியே இருக்கும். "தம்பி, கப்பல் பாக்கணும்னா கப்பலுக்குள்ள போகக்கூடாது. இங்க நிக்கணும்" என்று நடைபாதை முடியும் இடத்துக்கு எங்களை இட்டுச் சென்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு பக்கம் வடக்கு அலைதடுப்புச் சுவர், எதிரே பிளஃப் குன்று, நடுவே டர்பன் துறைமுகத்துக்கு உள்ள ஒரே வாசல். முன்பு குறுகலாக இருந்த இந்த வாய்க்காலை 2010 வாக்கில் அகலப்படுத்தி ஆழப்படுத்தினார்கள். கொள்கலன்கள் அடுக்கிய கப்பல் ஒன்று உள்ளே வந்தபோது, எங்கள் தெருவே எழுந்து நடந்து வருவது போல இருந்தது; அதன் இருபுறமும் இரண்டு இழுவைக் கப்பல்கள், கல்யாண வீட்டில் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவது போல ஒட்டிக்கொண்டு வந்தன. எந்தப் பெரிய கப்பலும் சொந்தமாக உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது, இந்தத் துறைமுகத்தை அறிந்த பைலட் ஒருவர் ஏறி வழிகாட்ட வேண்டும், அவர் படகில் போய்க் கயிற்றேணியில் ஏறுவார், இங்கே ஹெலிகாப்டரில் போய் இறங்குவதும் உண்டு என்று தாத்தா விளக்கினார். மகள் அன்றிலிருந்து கேப்டனை மதிப்பதில்லை, பைலட்தான் பெரியவர்.

இன்னொன்றையும் அவர் அங்கேதான் சொன்னார். சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளோடு நவம்பர் 16 அன்று வந்து சேர்ந்தது இந்த வாயிலுக்குத்தான். 1911 வரை 1,52,184 பேர் அப்படி வந்தார்கள். "எங்க ஆயாவோட ஆயாவும் இங்கதான் வந்து எறங்கினாங்க, கண்ணு. எந்த ஊருன்னு சொல்லத் தெரியல" என்றார். "அவங்க கப்பல்ல குட்டிப் பசங்களுக்குக் குளம் இருந்துச்சா?" என்று மகள் கேட்டாள். தாத்தா சிரித்தார், மாமியார் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆயாவைப் பற்றியே அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

கப்பலேறும் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெல்சன் மண்டேலா பெயரில் அமைந்த பயணிகள் கப்பல் முனையம் உஷாக்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் கடவுச்சீட்டோடு நின்றுவிடாமல், பெற்றோர் இருவர் விவரமும் அடங்கிய பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருக்கவேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போவதானால் மற்றவரின் ஒப்புதல் பத்திரமும் தேவை. இவை பெட்டிக்குள் போகக்கூடாது, தோள்பையில் இருக்கவேண்டும். எங்கள் ஐந்து பெட்டிகளும் அன்று காலை நான்கு மணி நேரம் இருந்தது, தாத்தாவின் மருமகன் கொண்டுவந்த பேக்கியின் (பின்புறம் சாமான் ஏற்றும் சிறு வண்டி) பின்புறத்தில். உங்களுக்கு அப்படி ஒரு தாத்தா இல்லையென்றால், நான் மேலே சொன்ன எழுத்து வாக்குறுதியை மறக்கவேண்டாம்.

கப்பல் கிளம்பும்போது வடக்குச் சுவர்ப் பக்கம் வந்து நின்று வெள்ளைத் துண்டை ஆட்டுகிறேன் என்று தாத்தா சொல்லியிருந்தார். எல்லோரும் அந்தப் பக்கக் கம்பியருகே போய் நின்றோம். மகளை மட்டும் காணவில்லை. தேடினால், எதிர்ப்பக்கத்தில் பைலட் படகு கப்பலோடு ஒட்டி வருவதைப் பார்த்துவிட்டு, அவர் எப்போது ஏணியில் இறங்குவார் என்று அங்கேயே காத்திருக்கிறாள். வாயிலைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் அவர் இறங்கினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டி அவரை வழியனுப்பிவிட்டுத்தான் வந்தாள். அதற்குள் சுவரும் துண்டும் பின்னால் போய்விட்டன. "அரை மணி நேரம் ஆட்டினேன் தம்பி, கை போச்சு, பிள்ளை எங்க?" என்று தாத்தா தொலைபேசியில் கேட்டதற்கு, அவள் வேலையாக இருந்தாள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.