கதண்டுக் கூடு அகற்றும் சேவை: எங்கள் வீட்டு அனுபவம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி நிற்கும் மாமரத்தில் சென்ற ஐப்பசி மாதம் கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு ஒன்றைக் கண்டோம். ஏறத்தாழ பன்னிரண்டடி உயரத்தில், இலைகளுக்குள் மறைந்து, கவிழ்த்துவைத்த தவலையைப் போல அது தொங்கியது. கிளையில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிகிறது என்று ஆடி மாதமே அம்மா சொல்லியிருந்தார். அப்போது அது எலுமிச்சம்பழ அளவுதான் இருந்ததாம். அன்றே கவனித்திருந்தால், சாணி அள்ள வந்த அக்காவுக்குக் கழுத்திலும் காதோரத்திலும் கொட்டு விழுந்திருக்காது. அவரை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். ஊசி போட்டு, மாலை வரை படுக்கவைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

எங்கள் பகுதியில் கதண்டு என்றால் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் தகவல் போகும். வயல்வெளியில் நிற்கும் பனைமரத்துக் கூடு என்றால், இரவில் தீப்பந்தம் காட்டி எரித்துவிடுவார்கள். எங்கள் மரத்தடியிலோ வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும் இருந்தன. கிளைக்கு மேலே மின்கம்பி போனது. ஆகவே நெருப்பு வேண்டாம் என்று முடிவுசெய்து, நகரத்திலிருந்து தனியார் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை அழைத்தோம். அவர்கள் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இருப்பதால் பெயரைத் தவிர்த்துவிட்டு, வேலை நடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். இத்தகைய சேவையை அமர்த்த நினைப்பவர்களுக்கு அதுவே பயன்படும்.

மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஆறு மணிக்குத்தான் வந்தார்கள். ஆனால் வந்ததும் மருந்துப் புட்டியைத் திறக்கவில்லை. மூத்த பணியாளர் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கொட்டு வாங்கியவர் யார், வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கிறார்களா, முன்பு யாருக்காவது பூச்சிக் கடியால் உடம்பெல்லாம் தடித்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தொலைவில் நின்றபடி கூட்டின் வாயைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு விரல் நுழையும் அளவிலான அந்த ஓட்டையில், வயிற்றின் முன்பாதி மஞ்சளும் பின்பாதி கறுப்புமாக நான்கைந்து கதண்டுகள் தலையை நீட்டிக் காவலிருந்தன. வெளியே போனவை எல்லாம் கூடு திரும்பிய பின், நன்றாக இருட்டினால்தான் கை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இந்தப் பொறுமைக்கே பாதிக் கட்டணம் தகும் என்று எனக்குத் தோன்றியது. பட்டப்பகலில் தரையில் நின்று மருந்தைப் பீய்ச்சிவிட்டுப் போனால், வெளியே சென்றிருந்த கதண்டுகள் திரும்பிவந்து அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். தேனீயைப் போல ஒரு முறை கொட்டிக் கொடுக்கை இழந்து சாகும் பூச்சியல்ல இது. மீண்டும் மீண்டும் கொட்டக்கூடியது.

காத்திருந்த நேரத்தில், திண்ணை உத்தரத்தில் ஒட்டியிருந்த மண்கூட்டைக் காட்டி, "இதையும் எடுத்துவிடுங்கள் தம்பி" என்று அம்மா கேட்டார். "மண்குளவிங்கம்மா, இது யாரையும் தேடி வந்து கொட்டாது. பிள்ளைங்க கைபடாம பாத்துக்கங்க, போதும்" என்று சொல்லி அவர் அதைத் தொட மறுத்துவிட்டார். வேலிச் செடியில் இருந்த கொம்புத்தேன் அடையையும் அப்படியே விட்டுவிட்டார். இரண்டையும் அழித்துக் கூடுதலாக வாங்கியிருக்கலாம். நாங்களும் மறுப்பில்லாமல் கொடுத்திருப்போம். கொட்டும் பூச்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்காத இந்த அறிவுதான், மருந்தடிக்கும் ஆளையும் தொழில் தெரிந்தவரையும் வேறுபடுத்துகிறது.

எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னார்கள். மாடுகளைத் தெருப்பக்கம் கட்டச் சொன்னார்கள். வலை முகமூடியோடு கூடிய தடித்த உடையை அணிந்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டார்கள். தலைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தது. வெள்ளை வெளிச்சத்தை நோக்கிக் கதண்டு பறந்து வருமாம். சிவப்பு அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் ஏணியைப் பிடிக்க, மற்றவர் நீண்ட குழாயின் முனையைக் கூட்டின் வாயில் வைத்துப் பொடிமருந்தை உள்ளே ஊதினார். அடுத்த நொடி கூட்டுக்குள்ளிருந்து கிளம்பிய இரைச்சல், திண்ணையில் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் கேட்டது. கால் மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது.

அன்றிரவே கூட்டை வெட்டவில்லை. மறுநாள் மாலை திரும்ப வந்து, நடமாட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கூட்டைச் சாக்கில் மூடிக் கிளையோடு அறுத்து இறக்கினார்கள். மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டிய அந்தச் சுவர், கையில் எடுத்தால் பழைய செய்தித்தாளைப் போல நொறுங்கியது. உள்ளே அடுக்கடுக்காக அறுகோண அறைகள். பலவற்றில் வெள்ளைப் புழுக்கள். இந்த இரண்டாம் வருகையை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். யாரை அழைத்தாலும், மறுநாள் வருவார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-ன் கீழ் பெற்ற உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது தயங்காமல் நகலைக் காட்டினார்கள்.

இனி மனக்குறைக்கு வருகிறேன். வெட்டிய கிளையைச் சுற்றி டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிக் கரைசலைத் தெளித்த பிறகு, இளைய பணியாளர் அந்தத் தெளிப்பானைக் கொல்லைப்புறக் குளத்துப் படித்துறையில் கழுவப் போனார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். இந்த வகை மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்தக் குளத்தில்தான் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. மூத்தவர் உடனே மன்னிப்புக் கேட்டு, கழுவிய நீரைத் தகரத்தில் பிடித்து எடுத்துப்போனார் என்றாலும், நான் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. இரவு வேலையில் அவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் கழுவும் நீரில் கவனம் இழந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கட்டணமாக 3,500 ரூபாய் பேசிவிட்டு, ஏணிக்கென்று 600 ரூபாயைப் பட்டியலில் சேர்த்திருந்ததும் சரியல்ல. உயரத்தை நான் முன்பே சொல்லியிருந்தேன்.

மாமரத்தில் இப்போது கதண்டு இல்லை. சாணி அள்ளும் அக்கா பயமில்லாமல் வருகிறார். மறுபடி தேவைப்பட்டால் இவர்களையே அழைப்பேன். ஏணிக் கூலியைச் சேர்த்து முதலிலேயே தொகை பேசிவிடுவேன். அவர்கள் வரும் முன்பே கழுவுநீருக்கு ஒரு பழைய வாளியையும் கொல்லையில் எடுத்துவைத்திருப்பேன்.