செவர்லே கொலராடோ 2025: பயண டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

நடுத்தர அளவு பிக்கப் வண்டிகளில் பயண டிரெய்லர் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் தங்கும் கூடம்) இழுப்பதற்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எஞ்சினை மட்டும் பார்த்து நான் செவர்லே கொலராடோவையே சொல்வேன். 2.7 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 310 குதிரைத்திறனையும் 430 பவுண்டு-அடி முறுக்குவிசையையும் தருகிறது. அந்த விசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், ஏற்றத்தில் எஞ்சின் அலறுவதில்லை. விளம்பரத்தில் சொல்லப்படும் இழுவைத்திறன் 7,700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,500 கிலோ. ஆனால் இந்த எண்ணை நம்பி டிரெய்லர் வாங்கக் கிளம்புவது சரியல்ல.

அமெரிக்காவில் இழுவைத்திறனை அளப்பதற்கு வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகில் தொடங்கும் நீண்ட மலையேற்றத்தில், கடும் வெயிலில், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. கடுமையான சோதனைதான், ஆயினும் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே. பின் இருக்கையில் பிள்ளைகளும் பின்தட்டில் மிதிவண்டிகளும் அடுப்பும் ஐஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த எண் பொருந்தாது.

அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வேண்டிய எண், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறச் சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடையை அந்தச் சீட்டு சொல்லும். ஒவ்வொரு வண்டிக்கும் அது வேறுபடும். அது 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாமான்கள் ஏற்றிய பிறகு 5,500 பவுண்டு ஆகும் டிரெய்லர் ஒன்று, தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டை ஹிட்சின் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி அமைப்பு) மேல் இறக்க வேண்டும். 13 விழுக்காடு என்றால் 715 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் மட்டுமே 85 பவுண்டு இருக்கலாம். நான்கு பேருக்கு 600 பவுண்டு. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்தட்டில் ஒரு நாற்காலி வைக்கவும் இடமில்லை, இழுவைத்திறனிலோ இன்னும் 2,200 பவுண்டு மிச்சம் இருப்பதாகத் தெரிகிறது!

இதைச் சமாளிக்கப் பாரத்தை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி, ஹிட்சின் மேல் இறங்கும் எடையைக் குறைப்பவர்களும் உண்டு. இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. ஹிட்சில் எடை குறைந்தால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது எழும் காற்றுக்கே டிரெய்லர் பாம்பைப் போல நெளியத் தொடங்கும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரை (டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் கருவி) கையால் அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் செயல்பட வைக்க வேண்டும். கன்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் வசதி கொலராடோவுக்கு உண்டு. டிரெய்லர் இழுக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

இறக்கத்தில் பாரம் இழுப்பதற்கென உள்ள டோ/ஹால் நிலையை இயக்கினால், எட்டு கியர் தானியங்கிப் பெட்டி தானாகவே கீழ் கியருக்கு இறங்கி வேகத்தைப் பிடித்து வைக்கிறது. எனினும், 2022 வரை இதே கொலராடோவில் கிடைத்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை ஒடுக்கி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) தந்த நிம்மதி இதில் இல்லை என்பது என் கருத்து. எரிபொருளைப் பொறுத்தவரை, உயரமான டிரெய்லரை இழுக்கும்போது காலனுக்கு 10 மைல் அளவுக்கே எதிர்பார்க்கலாம். எடையைவிடக் காற்றின் எதிர்ப்பே இதற்குப் பெரிய காரணம்.

வேகத்தில் பேராசை வேண்டாம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 55 மைல். பல டிரெய்லர் டயர்களே மணிக்கு 65 மைல் வேகத்துக்குத்தான் தயாரிக்கப்படுகின்றன.

பயணத்துக்கு முன், தண்ணீர்த் தொட்டியும் எரிவாயு உருளையும் நிரம்பியிருக்க, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) நிறுவனத்தின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு ஆகியவற்றின் எடை தனித்தனியாகக் கிடைக்கும். 30 காலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு என்பதால், விற்பனையாளரின் கையேட்டில் உள்ள வெற்று எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருக்கும்.

வாங்குவதானால், டிரெய்லருக்காக இசட்ஆர்2 வகையை நாடாதீர்கள். கரடுமுரடான பாதைக்கென அமைத்த அதன் சஸ்பென்ஷன் இழுவைத்திறனை 6,000 பவுண்டாகக் குறைத்துவிடுகிறது; விலையும் அதிகம். எளிய எல்டி வகையே போதும். நீட்டக்கூடிய இழுவைக் கண்ணாடிகள் இந்த வண்டிக்குத் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. 8 அடி அகல டிரெய்லர் பின்பக்கப் பார்வையை மறைத்துவிடும் என்பதால், பக்கக் கண்ணாடியில் மாட்டும் கூடுதல் கண்ணாடிகளுக்கும் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.