நிறுவனப் பக்கமா, உரிமையாளரின் சொந்தக் கணக்கா? கிழக்கிலுள்ள சிறு தொழில்களுக்கான லிங்க்ட்இன் ஒப்பீடு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிறுதொழில் நடத்துவோர், தொழில்சார் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் திறந்து சில மாதங்கள் போனதும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பதிவு போட்டுக்கொண்டே இருக்கிறோம், ஏன் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை? விடை தேடுகிறவர்கள் எந்த நேரத்தில் பதிவிடுவது, எத்தனை ஹேஷ்டேக் சேர்ப்பது என்ற நுணுக்கங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்மானிக்கவேண்டியது, அங்கே யாருடைய பெயரில் பேசப்போகிறோம் என்பதாகும். நிறுவனத்தின் பெயரிலான பக்கம், உரிமையாளரின் சொந்தக் கணக்கு, ஊழியர்களின் கணக்குகள், கட்டண விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே தளத்தில் இருந்தாலும், கேட்கும் உழைப்பிலும் கொடுக்கும் பலனிலும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

முதலில், யாருக்கு இந்தத் தளம் தேவை என்பதைப் பார்த்துவிடலாம். 2003 மே மாதத்தில் தொடங்கி, 2016இல் மைக்ரோசொஃப்ட் 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கிய லிங்க்ட்இன், இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருக்கிறது. இந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டியதில்லை. கல்முனை பஸாரில் துணி விற்கும் கடைக்கும், ஏறாவூரில் தளபாடம் செய்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கு விற்பவருக்கும் வாடிக்கையாளர் இருக்கும் இடம் முகநூலும் வாட்ஸ்அப்புமே. அவர்கள் லிங்க்ட்இன்னில் செலவிடும் நேரம் வீண் என்பதே என் எண்ணம். மருதமுனைக் கைத்தறித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்ப முனைபவர், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் மட்டக்களப்புக் குழு, பயண முகவர்கள் ஊடாக அறைகளை நிரப்பும் பாசிக்குடா ஹோட்டல் ஆகியோரின் நிலை வேறு. இவர்கள் விற்பது இன்னொரு நிறுவனத்துக்கு. அங்கே முடிவெடுக்கும் மனிதர் பெரும்பாலும் லிங்க்ட்இன்னில் இருப்பார். இனி வரும் ஒப்பீடு இத்தகையவர்களுக்கானது.

நிறுவனப் பக்கத்தின் முதல் பலம் நம்பகத்தன்மை. பெயரைத் தேடுகிற வாங்குபவருக்கு முகவரி, தொழில்துறை, இணையத்தளம், பணிபுரிவோர் யாவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பக்கம் இருந்தால்தான் ஊழியரின் சுயவிவரத்தில் நிறுவனத்தின் பெயர் சின்னத்தோடு இணைப்பாகத் தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களை நிருவாகிகளாக நியமிக்கலாம், எவர் பார்க்கிறார்கள் என்பதைத் தொழில்துறை வாரியாகவும் நாடு வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் ஈடுபாடு, அதாவது பதிவுக்கு வரும் விருப்பக்குறி, கருத்து, பகிர்வு என்று வரும்போது பக்கம் தளர்ந்துவிடுகிறது. பக்கத்தால் யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. நிருவாகிகள் தங்கள் தொடர்பிலிருப்பவர்களைப் பின்தொடருமாறு அழைக்கலாம், அதற்கும் மாத வரம்பு உண்டு. பின்தொடர்பவர் தொகை சிறிதாக இருக்கும் காலம் முழுவதும் பதிவுகள் நிறுவனத்தாரின் உறவினர்களையும் நண்பர்களையும் தாண்டிப் போவதில்லை. எனவே பக்கத்தை ஒரு பெயர்ப்பலகையாகக் கொள்வது நல்லது: இல்லாவிட்டால் குறை, இருப்பதனால் மட்டும் வியாபாரம் வந்துவிடாது.

உரிமையாளரின் சொந்தக் கணக்கில் நிலைமை தலைகீழ். அவர் வாங்குபவரைத் தேடி நேரடியாகத் தொடர்பு அழைப்பு அனுப்பலாம். 30,000 தொடர்புகள் வரை சேர்க்கத் தளம் இடமளிக்கிறது, எங்களில் எவருக்கும் அந்த எல்லை ஒருபோதும் தடையாகப்போவதில்லை. ஆட்கள் ஆட்களோடுதான் பேச விரும்புகிறார்கள் என்பதும் இதில் வேலை செய்கிறது. ஒரு நிறுவனச் சின்னத்துக்குக் கீழே கேள்வி கேட்கத் தயங்கும் லண்டன் வாங்குபவர், நெசவாளர்களோடு நின்று பேசும் ஒரு மனிதரிடம் அதே கேள்வியைத் தயங்காமல் கேட்பார். இந்த வழியின் விலை நேரமும் கூச்சமும். எங்கள் பக்கத்து முதலாளிமார் பலர் கடையில் மணிக்கணக்கில் சுவையாகப் பேசக்கூடியவர்கள், எழுதச் சொன்னால் மட்டும் வாழ்த்துமடல் நடைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த நடை எவ்வளவு கெடுக்கிறது என்பதை ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பதிவுகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். முதலாவது: “பாரம்பரியமும் தரமும் இணைந்த எமது அழகிய கைத்தறிச் சாரங்கள்! இன்றே தொடர்புகொள்ளுங்கள்!” இதனோடு அலங்கரித்த ஒரு படம். இரண்டாவது: ஒரு சாரத்தின் கரைப்பகுதியைக் கைப்பேசியில் நெருங்கி எடுத்த படம், கீழே, இந்தக் கருநீலச் சாயம் முதல் சலவையில் எவ்வளவு இறங்கியது, அதைச் சரிசெய்யச் சாயமிடும் முறையில் என்ன மாற்றினோம், சலவைக்குப் பின் துணி எவ்வளவு சுருங்குகிறது, ஒரு தறியில் ஒரு நாளைக்கு எத்தனை மீற்றர் இறங்கும் என்ற விபரங்கள் ஐந்தாறு வசனங்களில். முதலாவதற்கு மச்சானும் மருமகனும் விருப்பக்குறி இடுவார்கள். இரண்டாவதன் கீழேதான் “இதே நெசவில் பருத்தியோடு லினன் கலந்து செய்ய முடியுமா?” என்ற கேள்வி வரும். துணி வாங்குபவர் தம் அலுவலகத்தில் பதில் சொல்லவேண்டிய சங்கதிகள் சாயமும் சுருக்கமும் உற்பத்தி அளவுமே. அவற்றை முன்கூட்டியே சொல்பவரோடு அவர் பேசுவார். நிறுத்திப் படிக்கவைக்கும் பதிவுக்குத் தளமும் சாதகமாக இருக்கிறது. ஒரு பதிவில் பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் வரிசைப்படுத்தலில் கணக்கிலெடுப்பதாக லிங்க்ட்இன் 2020இலேயே அறிவித்திருந்தது. 3,000 எழுத்துகள் வரை ஒரு பதிவு நீளலாம், ஆனால் முதல் சில வரிகளுக்குப் பின் மிகுதி மறைந்துவிடுவதால், சாயம் இறங்கிய கதை முதல் வரியிலேயே தொடங்கவேண்டும். “அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்கினால் அந்த இடம் போய்விட்டது.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் ஒரு தெரிவுதான். வாங்குபவர் ஐரோப்பாவிலோ கொழும்பிலோ இருந்தால் ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. எளிய, பிழை குறைந்த ஆங்கிலம் போதும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கடை வைத்திருக்கும் எம்மவர்களை நோக்கியதாயின் தமிழில் எழுதுவது நெருக்கத்தைக் கூட்டும். இரண்டு மொழிகளையும் ஒரே பதிவில் அடுக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை: பதிவு இரட்டிப்பு நீளமாகிறது, ஒவ்வொரு வாசகருக்கும் பாதி பாரமாகிவிடுகிறது.

சொந்தக் கணக்கில் பதிவிடுவதையும் மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதுவதையும் தனித்தனி வழிகளாகவே ஒப்பிடவேண்டும், ஏனெனில் இரண்டாவதைப் பெரும்பாலும் எவரும் கணக்கிலெடுப்பதில்லை. நூறு தொடர்புகள் மட்டுமே உள்ள ஒருவரின் பதிவு அந்த நூறுக்குள் சுழல்கிறது. அதே மனிதர், ஆயிரக்கணக்கானோர் வாசிக்கும் ஓர் ஐரோப்பியப் பயண முகவரின் பதிவின் கீழ் உருப்படியான நான்கு வரி எழுதினால், அந்த வாசகர் கூட்டத்தின் முன்னே இலவசமாக நிற்கிறார். உதாரணத்துக்கு, இலங்கையில் டிசம்பரில் கடற்கரை விடுமுறை எங்கே என்று ஒரு முகவர் எழுதியிருந்தால், வடகீழ் பருவமழை காரணமாக அக்காலத்தில் பாசிக்குடாவும் அறுகம்பையும் ஏற்றவை அல்ல, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அனுப்புங்கள் என்று ஹோட்டல்காரர் நேர்மையாகச் சொல்லலாம். தமக்குப் பாதகமான உண்மையைச் சொன்னவரின் பெயர் நினைவில் நிற்கும். இதற்கு நேர்மாறானது “சிறந்த பதிவு சேர்” என்று எல்லா இடத்திலும் ஒட்டிச் செல்வது. ஒருவருக்கொருவர் விருப்பக்குறி இட்டுக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களும் தானியங்கிக் கருவிகளும் இன்னும் மோசம். தானியங்கிக் கருவிகளைத் தளத்தின் விதிகள் வெளிப்படையாகவே தடைசெய்கின்றன, விருப்பக்குறியும் கருத்தும் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளின் பரவலைக் குறைப்பதாகவும் 2022இல் லிங்க்ட்இன் சொல்லியிருந்தது.

ஊழியர்களின் கணக்குகள் மென்பொருள் குழுக்களுக்கே அதிகம் பொருந்தும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பட்டம் பெற்று வரும் இளைஞர் எப்படியும் லிங்க்ட்இன்னில் இருப்பார். தாம் தீர்த்த ஒரு நிரல் சிக்கலைப் பற்றி அவர் தம் வார்த்தையில் எழுதினால், அது நிறுவனத்துக்கு வாடிக்கையாளரையும் அடுத்த ஊழியரையும் சேர்த்தே கொண்டுவரும். கட்டாயப்படுத்தினால் எல்லாம் கெட்டுவிடும். பக்கத்தின் பதிவை எட்டுப் பேரும் ஒரே வசனத்தோடு பகிர்ந்திருப்பதைப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிடும். கைத்தறி நிலையத்திலும் ஹோட்டலிலும் இந்த வழிக்குப் பெரிய இடமில்லை.

கட்டண விளம்பரத்தில் பதவி, தொழில்துறை, நாடு, நிறுவனத்தின் அளவு என்று ஆட்களைத் துல்லியமாகத் தெரிவுசெய்யலாம். முகநூலில் இந்த அளவு கிடைக்காது. ஆயினும் நாளொன்றுக்குக் குறைந்தது 10 டொலர் ஒதுக்கவேண்டும், டொலர் 300 ரூபா அளவில் நிற்கையில் அது நாளுக்கு 3,000 ரூபா, மாதத்துக்கு 90,000 ரூபா. அந்தப் பணத்தில் ஒரு வாங்குபவருக்குத் துணி மாதிரிகளைக் கூரியரில் அனுப்புவது மேல் என்பேன். விளம்பரம் செய்தே ஆகவேண்டுமானால், 2023 முதல் தனிநபரின் பதிவையே அவருடைய சம்மதத்தோடு நிறுவனம் பணம் கட்டிப் பரப்பும் வசதி இருக்கிறது. ஏற்கெனவே தானாக உரையாடல் எழுந்த பதிவொன்றை அப்படிப் பரப்புவது, புதிதாக ஒரு விளம்பரப் படம் செய்வதைவிட நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. லண்டனில் காலை 9 மணி என்பது கோடையில் எங்களுக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30, ரொறன்ரோவின் காலை 9 மணி கோடையில் மாலை 6.30. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பதிவிடுபவர் லண்டன் வாசகரை அலுவலகத்தில் பிடிக்கப்போவதில்லை. ஹோட்டல்காரருக்குப் பருவமும் முக்கியம்: விருந்தினர் நிறைந்த ஜூலையில் அல்ல, மழை கொட்டி அறைகள் வெறுமையாக இருக்கும் நவம்பரில்தான் அவர் முகவர்களோடு அதிகம் பேசவேண்டும், அடுத்த பருவத்தின் விலைப்பேச்சு அந்தப் பருவம் வருமுன்னரே தொடங்கிவிடுகிறது.

எந்த வழி பலன் தருகிறது என்பதை எப்படி அளப்பது? சொடுக்குகள், விருப்பக்குறிகள், கருத்துகள், பகிர்வுகள், புதிய பின்தொடர்வுகள் யாவற்றையும் கூட்டிப் பார்வைகளால் வகுத்து ஈடுபாட்டு வீதத்தைப் பக்கம் காட்டும். இந்த எண் ஏமாற்றும். 400 பார்வையில் 20 ஈடுபாடு வந்தால் 5 சதவீதம், 8,000 பார்வையில் 80 வந்தால் 1 சதவீதம். ஆனால் அந்த 20 பேரும் எங்கள் தெருக்காரராகவும் 80 பேரில் மூவர் துணி இறக்குமதியாளராகவும் இருந்தால், குறைந்த வீதமே சிறந்தது. மாத முடிவில் பெயர்களைத் திறந்து, இவர்களில் எனக்குக் கொள்வனவு கட்டளை தரக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணுவதே பயனுள்ள அளவுகோல்.

ஆக, நான் சொந்தக் கணக்கின் பக்கமே சாய்கிறேன். வாரம் ஒரு பதிவு, நாளுக்குக் கால் மணித்தியாலம் மற்றவர்களின் பதிவுகளில் கருத்து, பக்கத்தில் மாதம் ஒரு புதுப்பிப்பு என்பது ஒரு சிறு தொழிலால் தாங்கக்கூடிய அளவு. ஓர் இடத்தில் மட்டும் இந்த முடிவோடு எச்சரிக்கையும் தேவை. எங்கள் மாவட்டங்களில் தொழில்கள் பல சகோதரர்களோ கூட்டாளிகளோ சேர்ந்து நடத்துபவை. ஒருவரின் சொந்தக் கணக்கில் நான்கு வருடம் சேர்ந்த தொடர்புகள், அவர் பிரிந்து தனியே தொழில் தொடங்கும் நாளில் அவரோடு போய்விடும். அவற்றைத் தளத்தின் விதிப்படி திரும்பப் பெறும் வழி நிறுவனத்துக்கு இல்லை. பக்கமோ நிறுவனத்தோடே தங்கும். ஆகவே கூட்டுத் தொழிலில் குறைந்தது இரு பங்காளிகளாவது தத்தம் கணக்கில் எழுதுவதும், இருவரும் பக்கத்தின் நிருவாகிகளாக இருப்பதும், வாங்குபவரோடு பேச்சு விலைக்கு வந்த உடனே அதை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுவதும் தொடக்கத்திலேயே பேசி முடிக்கவேண்டிய ஏற்பாடுகள்.