எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் .22 தோட்டா: 50 மீட்டருக்கு வருகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது

ஏர் ரைஃபிளில் பத்து மீட்டர் பழகிவிட்டு 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கு வருகிற பிள்ளைகள் எங்கள் கிளப்பில் எந்தத் துப்பாக்கி என்றுதான் முதலில் கேட்கிறார்கள், எந்தத் தோட்டா என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. துப்பாக்கி பெரும்பாலும் கிளப்பில் இருப்பதுதான் கையில் வரும், அதில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. தோட்டாவில் இருக்கிறது. நான் தொடர்ந்து சுடுவது எஸ்கே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் பிளஸ், .22 லாங் ரைஃபிள் (.22 என்பது அங்குலக் கணக்கில் தோட்டாவின் அளவு). பழகுகிறவர்களுக்கும் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கும் கொடுக்கிற காசுக்கு இதைவிட நியாயமான தோட்டா எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எந்த ரைஃபிள் தோட்டாவை எடுத்தாலும் நான்கு பொருள்தான். பெரும்பாலும் பித்தளையில் செய்த கூடு, பற்றவைக்கிற பிரைமர், எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிற மருந்து, முனையில் இருக்கும் குண்டு. ராணுவத்தின் 5.56 ஆகட்டும், உரிமம் வாங்கிச் சிலர் வைத்திருக்கும் .315 ஆகட்டும், பெரிய தோட்டாக்களில் பிரைமர் ஒரு சின்னக் கிண்ணமாகக் கூட்டின் அடியில் நட்டநடுவில் செருகப்பட்டிருக்கும், டிரிகரை அழுத்தினால் துப்பாக்கியின் ஊசி அங்கே குத்தும். இவை சென்டர்ஃபயர். நம்முடைய .22-இல் அந்தக் கிண்ணம் கிடையாது. கூட்டின் அடி விளிம்பு உள்ளே வெற்றாக மடிந்திருக்கும், பற்றவைக்கும் மருந்தை அதற்குள் போட்டுக் கூட்டை வேகமாகச் சுழற்றி மடிப்பு முழுக்கப் பரவ வைப்பார்கள். ஊசி அந்த விளிம்பில் ஓர் ஓரத்தில் குத்தி நசுக்கும்போது மருந்து தீப்பற்றும். இது ரிம்ஃபயர். 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த இந்த .22 லாங் ரைஃபிள் அளவில்தான் இன்றைக்கும் ஒலிம்பிக் 50 மீட்டர் நடக்கிறது, 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே, அதுவும் இதே அளவுதான்.

இந்த விளிம்பில்தான் விஷயமே இருக்கிறது. ஊசி குத்துகிற இடத்தில் மருந்து பரவாமல் விட்டுப்போயிருந்தால் கிளிக் என்ற சத்தத்தோடு சரி, தோட்டா வெடிக்காது. விலை குறைவு என்று வேறொரு வகைப் பெட்டியை ஒரு சீசன் பயிற்சிக்கு வாங்கிப் பார்த்தேன். அதில் மிஸ்ஃபயர் அடிக்கடி வந்தது. நன்றாக மூச்சைப் பிடித்து, டிரிகரை அழுத்தி, ஒன்றும் நடக்காமல் போனால் அடுத்த ஐந்தாறு ஷாட்டுக்கு விரல் தயங்கும், அந்தத் தயக்கம் பயிற்சியையே கெடுத்துவிடும். எஸ்கேயில் எனக்கு அந்தத் தொல்லை வந்ததாக நினைவில்லை. (எந்தத் தோட்டாவாக இருந்தாலும் கிளிக் சத்தம் மட்டும் வந்தால் உடனே போல்ட்டை, அதாவது தோட்டா போடுகிற இடத்தை மூடியிருக்கும் பாகத்தை, திறக்காதீர்கள் தம்பிகளா. தாமதமாகவும் வெடிக்கும். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், அரை நிமிடமாவது பொறுத்து, ரேஞ்ச் (சுடும் களம்) அதிகாரியிடம் சொல்லிவிட்டு அப்புறம் திறங்கள்.)

வெடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் பிளஸ்ஸில் குண்டு 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம், முழு ஈயம், உருண்டை முனை. கம்பெனி சொல்கிற வேகம் நொடிக்கு 327 மீட்டர். அந்த வேகத்தில் 50 மீட்டரைக் கடக்க ஆகிற நேரத்துக்குள் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். குறிபார்க்கிற சைட்டைச் சரிசெய்து அதை ஈடுகட்டுகிறோம், சரி. ஆனால் ஒரு தோட்டா நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் கணக்குப்படி இன்னும் 7, 8 மில்லிமீட்டர் கீழே போய் விழும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர், ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். அதாவது நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே ஒரு பாயிண்ட் போய்விடும். டார்கெட்டில் குண்டுகள் பக்கவாட்டில் சிதறாமல் மேலும் கீழுமாக ஒரு கோடு போட்ட மாதிரி விழுந்தால் பாதி நேரம் காரணம் இதுதான், அதைப் புரிந்துகொள்ளாமல் மூச்சையும் தோள்பட்டையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். எஸ்கே போட்டுச் சுடும்போது என் குரூப், அதாவது டார்கெட்டில் குண்டுகள் விழுந்த கூட்டம், உருண்டையாக விழுகிறது. அதனால் மேலே கீழே போனால் அது என் கையின் தவறு என்று நம்பிப் பயிற்சி செய்ய முடிகிறது. பழகுகிறவருக்கு ஒரு தோட்டா செய்ய வேண்டிய உதவி இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

வேகம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நிறையப் பேர் கேட்பார்கள். இந்த விளையாட்டுக்கு இல்லை. சிசிஐ கம்பெனியின் மினி மேக் மாதிரி ஹை வெலாசிட்டி வகைகள் நொடிக்கு 375 மீட்டர் அளவில் கிளம்பும், அதே கம்பெனியின் ஸ்டிங்கர் இலகுவான குண்டோடு 500 மீட்டர் வரை போகும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், நம் ஊர் வெயிலில் 350. அதைவிட வேகமாகக் கிளம்பிய குண்டு போகப்போக மெதுவாகி அந்த எல்லையைக் கடக்கும்போது காற்று அதை அலைக்கழிக்கும். போட்டிக்கென்று செய்கிற மேட்ச் தோட்டா எல்லாமே ஒலியின் வேகத்துக்குக் கீழே நிற்பது அதனால்தான். முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் வேட்டை நடக்கிற நாடுகளுக்கானது, காகித டார்கெட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. செம்பு உறை முழுதாகப் போர்த்திய குண்டு சென்டர்ஃபயரின் வேகத்துக்கும் சூட்டுக்கும் தேவை, .22-க்கு வெறும் ஈயமே போதும்.

அந்த ஈயத்தின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், எல்லா மேட்ச் .22-இலும். குழலுக்குள் ஈயம் ஒட்டாமல் காப்பது அதுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் பூச்சு வேறு, ஆகவே தோட்டா மாற்றினால் குழலில் பழைய பூச்சு போய்ப் புதியது படியும்வரை குரூப் விரிந்துதான் இருக்கும். முதல் பத்து ஷாட்டைப் பார்த்துவிட்டு இது சரியில்லை என்று பெட்டியை மூடி வைக்காதீர்கள். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் வைத்தால் பூச்சு இளகிவிடும். ரேஞ்ச் பாயில் விழுந்த தோட்டாவில் மணல் ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைத்துக் குழலுக்குள் போடுவதைவிட ஒதுக்கிவிடுவது நல்லது.

எஸ்கே ஜெர்மனியின் ஷோனெபெக் ஆலையில் தயாராகிறது. லாபுவா கம்பெனியின் விலை கூடிய சென்டர் எக்ஸ், மிடாஸ் பிளஸ், எக்ஸ் ஆக்ட் எல்லாம் அதே ஆலையிலிருந்துதான் வருகின்றன. தேசிய அளவில் ஃபைனல்ஸை நோக்கிப் போகிறவர் அந்த வரிசைக்கோ, வேறு கம்பெனிகளின் ஈலி டெனெக்ஸுக்கோ, ஆர்டபிள்யூஎஸ் ஆர்50-க்கோ மாறத்தான் வேண்டும், தசமப் புள்ளியில் இடம் மாறுகிற இடத்தில் ஸ்டாண்டர்ட் பிளஸ் போதாது. அதற்கு முந்தின கட்டத்தில் இருப்பவருக்கு அந்த விலை வீண். அந்தக் காசுக்கு இதையே கூடுதலாக வாங்கிச் சுட்டால் ஸ்கோர் அதிகம் ஏறும்.

ஏர் ரைஃபிள் பெல்லட் மாதிரி இதைப் போய் நேரே வாங்கிவிட முடியாது. உரிமம் வேண்டும், எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கிளப் மூலமாக வாங்குகிறவர்கள் சீசன் தொடங்குமுன்பே சொல்லி வையுங்கள், இறக்குமதிச் சரக்கு நினைத்த நேரத்துக்கு வராது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கிற லாட் எண்ணை, அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகச் செய்ததைக் காட்டும் எண்ணை, பாருங்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி என்றாலும் லாட் மாறினால் உங்கள் குழலுக்கு அது வேறு தோட்டா. 50 தோட்டா உள்ள பெட்டி ஒன்றை முதலில் வாங்கி, ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துச் சுட்டுப் பார்த்து, குரூப் பிடித்திருந்தால் அதே லாட்டில் உங்கள் வரம்புக்கு உட்பட்டு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் எடுத்துவிடுங்கள். அந்த லாட் தீர்ந்துபோனதென்று கடைக்காரர் சொன்னால் கைவசம் உள்ள மற்ற லாட் எண்களைக் கேட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டாம்.