கிளிமஞ்சாரோ 1,190 டாலருக்கா? பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

"மச்சாமே வழி, 7 நாள், எல்லாம் உட்பட 1,190 டாலர்." தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலைக்கு ஏறும் பாதைகளில் ஒன்று மச்சாமே. வாட்ஸாப்பில் வந்த இந்த விளம்பரத்தை நம்பி நாலு பேர் பணம் கட்டினார்கள். உச்சியைத் தொட்டது ஒருவர். இன்னொருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க வேண்டி வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சரக்கை, மலையேறப் போகிறவர்கள் வந்து தங்கும் ஊர்களான மோஷியிலும் அருஷாவிலும் வெவ்வேறு பெயர்ப்பலகை மாட்டி விற்கிறார்கள். ஒரு பெயரைத் தவிர்த்தால் அடுத்த பெயரில் வந்து நிற்பார்கள். ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உதவும்.

முதலில் பூங்காக் கட்டணம். இதில் எந்த நிறுவனத்துக்கும் தள்ளுபடி கிடையாது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து வரும் பெரியவர் ஒருவருக்குப் பல வருடமாக இருந்துவரும் விகிதம் இது: நாளுக்கு 70 டாலர் பாதுகாப்புக் கட்டணம், டென்ட் போடும் இரவுக்கு 50 டாலர் (மரங்கு வழியில் குடிலில் தங்கினால் 60), மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20. மொத்தத்தின் மேல் 18 சதவீதம் வாட். கிளம்பும் வருடத்துக்கான விகிதத்தைப் பூங்கா ஆணையத்தின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7 நாள், 6 இரவு என்றால் 490, 300, 20 சேர்த்து 810. வாட் சேர்த்தால் 955 டாலர் 80 சென்ட். 1,190-இல் மிச்சம் சுமார் 234 டாலர். அதற்குள் கைடு, சமையல்காரர், போர்ட்டர், சாப்பாடு, டென்ட், வண்டி, ஹோட்டல், கம்பெனி லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அப்படியென்றால் எங்கேயோ கத்தரி வைக்கப் போகிறார்கள் என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது.

முதல் கத்தரி நாள் கணக்கில் விழுந்தது. மோஷியில் வந்து இறங்கிய நாளையும் அவர்களுடைய "7 நாள்" சேர்த்துக்கொண்டது. மலையில் கிடைத்தது 6 நாள், 5 இரவு. அதற்குப் பூங்காக் கட்டணம் வாட்டோடு 814 டாலர். ஆக ஆளுக்கு 376, நாலு பேருக்கு 1,504 டாலர் கம்பெனி கையில் நின்றது. நாலு பேருக்கு ஒழுங்காக ஆள் போட்டால் இரண்டு கைடு, ஒரு சமையல்காரர், பன்னிரண்டு போர்ட்டராவது வேண்டும். போர்ட்டர் நலனுக்காக மோஷியில் இயங்கும் கேபாப் (KPAP) அமைப்பு பல வருடமாகச் சொல்லிவந்த குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 20,000 தான்சானிய ஷில்லிங். டாலருக்கு 2,500 ஷில்லிங் என்று வைத்தால் 8 டாலர். பன்னிரண்டு பேருக்கு ஆறு நாளுக்கு 576. கைடுக்கு 20, சமையலுக்கு 15 என்று போட்டால் இன்னொரு 330. மீதி 598 டாலரில் பத்தொன்பது வயிற்றுக்கு ஆறு நாள் சாப்பாடு, எரிவாயு, டென்ட், வண்டி, இரண்டு இரவு ஹோட்டல், இங்கே ஆள் பிடித்துக் கொடுத்தவரின் கமிஷன்!

பன்னிரண்டு போர்ட்டருக்குப் பதில் எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு போர்ட்டர் தூக்கக்கூடிய பொதுச்சுமை 20 கிலோ. மச்சாமே கேட்டில் தராசு வைத்து நிறுத்துத்தான் விடுகிறார்கள். ஆனால் தராசைத் தாண்டும்வரை சில மூட்டைகளைக் கைடும் உதவியாளரும் சுமந்துவிட்டு, முதல் வளைவு தாண்டியதும் போர்ட்டர் முதுகில் ஏற்றிவிடுவது பழைய தந்திரம். கேட்டிலேயே போர்ட்டர்களை எண்ணி வையுங்கள். இரண்டாம் நாள் கேம்பில் திரும்ப எண்ணுங்கள். உங்கள் பை 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேட்டில் ஒவ்வொருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் பெயரையும் வயதையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நிறுவனம், கைடு, எத்தனை நாள் என்று அந்த வரியிலேயே மற்ற விவரமும் வரும், நின்று படியுங்கள். இந்த நாலு பேரும் பணம் கட்டியது ஒரு நிறுவனத்துக்கு, பதிவேட்டில் இருந்தது இன்னொன்றின் பெயர். அதாவது விற்றவருக்கு மலையேற்ற உரிமமே இல்லை. ஆளைப் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று உரிமம் உள்ளவரிடம் கைமாற்றியிருக்கிறார். தான்சானியாவில் சுற்றுலா நடத்துவதற்கு டாலா (TALA) உரிமம் வேண்டும், அதிலும் மலையேற்றத்துக்குத் தனி வகை உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடப்பு வருட உரிமத்தின் நகலைக் கேளுங்கள். உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பூங்காக் கட்டணம் ரொக்கமாக வாங்கப்படுவதில்லை, ரசீது கட்டாயம் இருக்கும். ரசீதில் எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்பதை ஏறுவதற்கு முந்தின நாள் மாலையே பார்த்துவிடுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மச்சாமே கேம்ப் சுமார் 2,850 மீட்டர், ஷிரா 3,750, பராங்கோ 3,950, பராஃபு 4,650. ஷிராவிலிருந்து பராங்கோ போகும் நாளில் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறை வரை ஏறிவிட்டு இறங்கித் தூங்க வேண்டும். உயரே ஏறித் தாழ்வில் தூங்குவதால்தான் உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகுகிறது; இந்த வழியின் பலமே அந்த ஒரு நாள்தான். டவருக்குப் போகாமல் கீழாகவே பராங்கோவுக்குப் போகும் பாதை ஒன்றும் உண்டு. கூலி சரியாகக் கிடைக்காத கைடு, "மழை வருகிறது, இது சுலபம்" என்று அதில் கூட்டிப் போய்விடுவார். இங்கே நடந்ததும் அதுதான். அடுத்த நாள், 7 நாள் திட்டத்தில் 4,000 மீட்டரில் கரங்காவில் ஓர் இரவு தங்க வேண்டியது. 6 நாள் திட்டத்தில் அது கிடையாது. பராங்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறையை ஏறி, கரங்காவில் மதியச் சாப்பாடு, நேரே பராஃபு. சாயந்தரம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்து, ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து, உச்சிக்கு 1,250 மீட்டர் ஏற்றம். இது ஏமாற்று கூட இல்லை, சட்டப்படி விற்கப்படும் அட்டவணைதான். ஆனால் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. அதைப் பார்த்தால் மேற்கிலிருந்து ஏறும் லெமோஷோ வழியில் 8 நாள்தான் உருப்படியான தேர்வு. பூங்காக் கட்டணமே சுமார் 1,097 டாலர் ஆகும்.

பராஃபுவில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. அதோடு நடை தள்ளாடியது. தலைவலி மட்டும் என்றால் அங்கேயே ஓய்வு எடுத்துப் பார்க்கலாம். நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே இறக்க வேண்டும். குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கைடு இஞ்சி டீ கொடுத்து, "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, மாஸ்க் இல்லை. உச்சிக்குப் போன மூவரில் இரண்டு பேரை, உச்சி விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா பாயிண்டுக்குக் கீழேயே திருப்பிவிட்டார்கள், காரணம் கைடு பற்றாக்குறை. ஒருவர் இறங்கினால் அவரோடு ஒரு கைடும் இறங்க வேண்டும், மிச்சம் இருப்பவருக்கு ஆள் இருக்காது. அதனால் உச்சி இரவுக்கு இரண்டு பேருக்கு ஒரு கைடு என்று எழுத்தில் வாங்குங்கள். சிலிண்டரை ஹோட்டலில் வைத்தே கேட்டு வாங்கி, மாஸ்க்கையும் மாட்டித் திறந்து பாருங்கள். காற்று சீறுவது காதில் விழ வேண்டும், அழுத்தமானியின் முள் நிரம்பிய பக்கம் நிற்க வேண்டும். ஆக்சிமீட்டர் ஒவ்வொரு கேம்பிலும் காலையும் மாலையும் விரலில் மாட்டப்பட வேண்டும்.

உயர நோய்க்கான மாத்திரை அசெட்டசோலமைடைத் தடுப்புக்கு எடுப்பதாக இருந்தால் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பூங்காவின் 20 டாலர் மீட்புக் கட்டணம் தரைவழி மீட்புக்கு; ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் கட்டி உருட்டிக்கொண்டு இறக்குவார்கள். ஹெலிகாப்டர் அதில் வராது. 6,000 மீட்டர் வரை செல்லுபடியாகும் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான மோசடியும் நடக்கிறது: லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்து, காப்பீட்டுப் பணத்தில் கமிஷன் அடிப்பது. தானாக நடக்க முடிகிற ஆளை நடத்தி இறக்குவதே போதும், பெரும்பாலும் ஆயிரம் மீட்டர் இறங்குவதற்குள் தெளிந்துவிடும்.

விளம்பரப் படம் இன்னொரு பித்தலாட்டம். முன்னால் யானைக் கூட்டம், பின்னால் பனி மூடிய கிளிமஞ்சாரோ. அந்தப் படம் எடுக்கப்படுவது கென்யாவில் இருக்கும் அம்போசெலியில். நாடு வேறு, விசா வேறு. மலையேற்றத்தில் சஃபாரி எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தோம் என்று புலம்புவது இதனால்தான். மேற்குப் பக்கம் லெமோஷோ காட்டில் யானையும் எருமையும் இருப்பது உண்மை. கண்ணில் படுவது அபூர்வம். ஷிரா சமவெளிக்கு எப்போதாவது எலாண்ட் மான் ஏறி வரும். 1926-இல் உச்சி விளிம்புக்குப் பக்கத்தில் உறைந்துபோன சிறுத்தை ஒன்றின் உடல் கிடைத்ததும் உண்மைதான், அதைச் சொல்லி "சிறுத்தை பார்க்கலாம்" என்று விற்பது அநியாயம்.

பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பவை வேறு. முதல் நாள் காட்டில் கருப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள், வெள்ளை மயிர்க் கற்றை முதுகோரம் தொங்க மரம் விட்டு மரம் தாவும். கேட் பக்கத்தில் நீலக் குரங்குகள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குறிவைக்கும். மேல் கேம்புகளில் வெண்கழுத்துக் காக்கை. மூடாத டென்டுக்குள் தலையை விட்டு பிஸ்கெட் பாக்கெட்டைத் தூக்கிப் போய்விடும். பாறைக்கு நடுவே முதுகில் நாலு கோடு போட்ட எலி. பராங்கோ பள்ளத்தாக்கில் ராட்சத செனிசியோ மரங்கள், காய்ந்த இலையை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிக் கம்பளி போலப் போர்த்திக்கொண்டு நிற்கும், இரவு உறைபனிக்கு அதுதான் காப்பு. தரையில் லொபீலியா, பொழுது சாய்ந்ததும் இலையை உள்நோக்கி மூடித் தன் குருத்தைக் காத்துக்கொள்ளும்.

இந்தப் பயணத்தில் நாலாம் நாளே எரிவாயு தீர்ந்து, சமையல்காரர் புதர்க் கிளைகளை ஒடித்து அடுப்பு மூட்டினார். பூங்காவில் விறகு எரிப்பது தடை. 2020 அக்டோபரிலும் 2022 அக்டோபரிலும் இந்தப் புதர்க்காட்டில்தான் தீ பரவி நாள்கணக்கில் எரிந்தது. எரிவாயு உருளை எத்தனை வருகிறது என்பதையும் முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. போர்ட்டர்களுக்கு ஒரு வேளை உகாலி (மக்காச்சோளக் களி) மட்டும் கிடைத்தது என்று தெரிந்தபோது நாலு பேரும் தங்கள் ரொட்டியைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக டிப்ஸ். இறங்கி வெளியேறும் ம்வேகா கேட்டில் தலைமை கைடு மொத்தத்தையும் ஒரே கவரில் கேட்டு வாங்கினார். எட்டுப் போர்ட்டரில் யாருக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. போர்ட்டர்கள் எல்லாரும் நிற்கும்போது, தொகையை ஒவ்வொருவருக்காகச் சத்தமாக வாசித்து, அவரவர் கையிலேயே கொடுங்கள். ஷில்லிங்காகச் சில்லறை மாற்றி வைத்திருந்தால் "சேஞ்ச் இல்லை, நானே பிரிக்கிறேன்" என்ற சாக்குக்கு இடமிருக்காது.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, "எக்காரணத்துக்காக இறங்கினாலும் பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். அது உங்கள் உடல்நிலைக்குப் பொருந்தலாம். 7 நாள் விற்று 6 நாள் கொடுத்ததற்குப் பொருந்தாது. கார்டில் கட்டியிருந்தால் ஊர் திரும்பிய உடனே வங்கியில் ஆட்சேபம் பதியுங்கள், கால வரம்பு உண்டு. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பூங்கா ரசீது, பதிவேட்டு வரியின் படம் மூன்றும் சேர்த்துக் கொடுங்கள். போர்ட்டர் கூலி, சாப்பாடு பற்றிய புகாரை மோஷியில் கேபாபிடமே சொல்லலாம். இந்த நாலு பேரும் வங்கிப் பரிமாற்றத்தில் ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பியிருந்ததால் இதுவரை ஒரு டாலரும் திரும்பவில்லை.